ஒட்டகம் மேயும் கடல்

உலகத்தில் எனக்குத் தெரியாத மொழிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று எனக்குச் சரளமாகத் தெரியும் என்று ஒரு அரசாங்க அலுவலகத்தில், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, எழுந்து நின்று சொன்னவன் நான். சொன்னது கோபத்தில். கோபம் வந்தால் சிலருக்குக் கை நீளும், சிலருக்கு நாக்குத் தடுமாறும். எனக்குத் தகுதி கூடிவிடும். (அந்த நோய் இன்னும் முழுதாக மாறவில்லை. என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள்.)

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. லண்டனில், மனோர் பார்க்கில் அக்கா ரீற்றாவின் வீட்டில், கட்டிலைப் போட்டால் கதவு திறக்காத ஒரு மேல்மாடி அறையில் இருந்தேன். நாங்கள் இலங்கையில் மன்னார்ப் பக்கம், அரிப்பு என்ற ஊர். மீன்பிடிக் குடும்பம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். அப்பாவும் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்தான், கூரை வேய. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த ஒருவன் லண்டனில் ஒரு தமிழ் சொலிசிற்றரிடம் கிளார்க்காகச் சேர்ந்தால் எப்படி இருப்பான்? தாங்க முடியாதவனாக இருப்பான். கழுத்துப்பட்டியை நித்திரைக்கு மட்டும்தான் கழற்றினேன். நாளுக்கொரு ஆங்கிலச் சொல்லை அகராதியில் மனப்பாடம் செய்து, அன்றைக்கே யாராவது ஒரு அப்பாவியின் மேல் பாவித்துவிடுவேன். பஸ் சாரதிகள்கூடத் தப்பவில்லை.

அத்தானுக்குத் தெருமுனையில் மீன்கடை. அங்கே மீன் வெட்டியவர் பக்காரி.

பக்காரி சோமாலியாவின் தெற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஒரு சின்னத் தீவுக்காரர். அந்தத் தீவுகளில் இருக்கிற சனத்துக்குப் பஜூனி என்று பெயர். கடல்தான் தொழில். பேசுவது கிபஜூனி. சுவாஹிலிக்கு நெருங்கிய சொந்தமான மொழி, ஆனால் சுவாஹிலி பேசுகிறவர்களுக்கே பாதி விளங்காது என்பார். சோமாலி மொழிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பக்காரிக்குச் சோமாலி கேட்டால் கொஞ்சம் விளங்கும், பேச வராது. சோமாலியாவில் அரசாங்கம் விழுந்தபோது பெருநிலத்திலிருந்து துவக்குகளோடு ஆட்கள் தீவுக்கு வந்தார்கள். பக்காரி மனைவியையும் மகளையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு கென்யாவுக்குத் தப்பினார். அவர்கள் இரண்டு பேரும் மொம்பாசாவுக்குப் பக்கத்தில் ஒரு முகாமில் இருந்தார்கள். இவர் எப்படியோ லண்டன் வந்துவிட்டார். இங்கே அகதி என்று ஏற்றுக்கொண்டால் அவர்களைக் கூப்பிடலாம். ஏற்காவிட்டால் ஒரேயடியாக முடிந்தது. காலையில் கடை திறக்கும்போதும் பூட்டும்போதும் அவர் தலையில் ஓடியது அது ஒன்றுதான்.

லண்டனில் அவருக்குத் தெரிந்து அந்த மொழி பேச இன்னொருவர் இல்லை. ஊரிலும் சனம் சிதறிவிட்டது. கென்யாக் கரைக்குப் போன பிள்ளைகள் அங்கத்தைய சுவாஹிலிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அவருடைய தீவில் மீனுக்குப் பெயர் 'இஸி'. மற்ற இடத்தில் 'சமாகி'. முகாமில் மகளும் இப்போது 'சமாகி' என்கிறாள் என்று மனைவி தொலைபேசியில் சொன்ன அன்று, பக்காரி ஒரு பெட்டி விளைமீனுக்குச் செதில் சுரண்டினார். செதில் கூரை வரைக்கும் பறந்தது.

பேச ஆளில்லாததால் மீனோடு பேசினார். ஐஸில் கிடக்கும் பாரையிடம் ஏதோ விசாரிப்பார். திருக்கையோடு சண்டை பிடிப்பார். சனிக்கிழமைகளில் கடையில் உதவிக்கு நின்ற நான் அப்படித்தான் அவர் மொழியில் கொஞ்சம் பொறுக்கினேன்: வெட்டு, கழுவு, செவுள், வலை, கயிறு, காற்று, நாறிப்போச்சு. இவ்வளவுதான் என் கிபஜூனி. அதே நேரத்தில் பக்காரி எங்களிடம் பொறுக்கிய தமிழோ கடையையே நடத்தப் போதுமாக இருந்தது. "அக்கா, தலை வேணுமோ? துண்டு சின்னனா வெட்டவோ? அறுக்குளா முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ" என்று அவர் சொல்வதைக் கேட்டுப் புதிதாக வரும் பெண்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் நன்றாக வந்தது. (இந்த வசனத்தைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என் கழுத்துக்கு வரப்போவது இதுதான்.)

எனக்கும் அவருக்கும் மொழியைவிட நெருக்கமாக ஒன்று இருந்தது. இரண்டு பேரும் மீன்பிடிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். மீன்பிடிக்கிறவன் தன் பார் எங்கே என்று யாருக்கும் சொல்ல மாட்டான். பார் என்றால் கடலுக்கடியில் உள்ள கல்லுத்திட்டு, மீன் அடைந்து கிடக்கும் இடம். (லண்டனில் வளர்ந்தவர்கள் வேறு பாரை நினைக்க வேண்டாம்.) "எங்க பிடிச்சனீங்கள்?" என்று யார் கேட்டாலும் அப்பாவிடம் இருந்தது ஒரே பதில்: "மேற்கால." அரிப்புக்கு மேற்கே இருப்பது முழுக் கடல். அதாவது, பதில் சொன்ன மாதிரியும் இருக்கும், சொல்லாத மாதிரியும் இருக்கும். பங்குத்தந்தை கேட்டாலும் மேற்கால. பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் வைத்துக் கேட்டிருந்தாலும் மேற்கால. இதைப் பக்காரிக்குச் சொன்னபோது அவர் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் அடித்துச் சிரித்தார். அவருடைய தகப்பனும் அதே ஆள்தானாம்.

ஒரு சனிக்கிழமை கடை பூட்டிய பிறகு, அவராகவே தன் பாரை எனக்குச் சொன்னார். கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பிடித்து, மூன்றாவது தெரியும் வரைக்கும் ஓடி, நங்கூரம் போடவேண்டும். அந்த மூன்று அடையாளங்களுக்கும் அவருடைய மொழியில் மட்டும்தான் பெயர் இருந்தது. ஆகவே அந்த மொழியிலேயே சொன்னார், என்னையும் திருப்பிச் சொல்லவைத்தார். தகப்பன் இல்லை, அண்ணனும் இல்லை. தெரிந்த ஆள் இனி அவரும் நானும்தான். கழுத்துப்பட்டி கட்டிய காலத்திலிருந்து எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது.

பக்காரிக்கு அகதி நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. வழக்கு எங்கள் சொலிசிற்றர் கந்தோரில்தான் இருந்தது. பொஸ் என்னைக் கூப்பிட்டார்.

"யூட், நீ ஆளோட போய் இரு. அவங்கள் கேக்கிறதையும் ஆள் சொல்லுறதையும் எழுது. வாயைத் திறக்காத. கொட்டாவி விடுறதெண்டாலும் வெளியில போய் விட்டிட்டு வா."

"ஓம் அண்ணை."

"என்ன ஓம்? திரும்பச் சொல்லு."

"வாயைத் திறக்கமாட்டன்."

அது ஒரு உயரமான கட்டடம். பெயர் எழுத மாட்டேன். வழக்குப் போடுவார்கள் என்ற பயமில்லை. வாயில் வைக்க விருப்பமில்லை. பக்காரி அத்தானின் கோட்டைப் போட்டிருந்தார். அத்தான் கட்டை, இவர் நெட்டை. கோட்டின் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வந்து களைத்துப்போய் நின்றது. எவ்வளவு சவர்க்காரம் போட்டும் இரண்டு பேரிலும் மீன் வாசம். வரிசையில் மற்றவர்கள் ஒருவரையொருவர் நெரித்துக்கொண்டு நிற்க, எங்களைச் சுற்றி மட்டும் தாராளமாக இடமிருந்தது.

உள்ளே ஒரு அறை. அதிகாரி ஒரு பெண்மணி. மேசையில் ஒரு தேசப்படப் புத்தகம், ஒரு சுருள் மிட்டாய். பக்கத்தில் சோமாலி மொழிபெயர்ப்பாளர், உயரமான, அமைதியான மனிதர். அவர் முதல் கேள்வியைச் சோமாலியில் கேட்டார். பக்காரி தன் மொழியில் பதில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"மன்னிக்கவேண்டும். இவர் பேசுவது சோமாலி இல்லை. தீவு ஆட்களின் மொழி. எனக்கு அது தெரியாது."

நேர்மையான மனிதர். ஆனால் அதிகாரி எழுதியதை நான் தலைகீழாக வாசித்தேன்: 'சோமாலி பேசத் தெரியாது.'

"சோமாலியர் என்கிறார். சோமாலி தெரியாது," என்றார் அதிகாரி.

"அங்கே இப்படிப் பேசுகிற சனம் இருக்கிறது, அம்மணி," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அதிகாரி ஒரு தட்டச்சுத் தாளில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். "அப்படியொரு மொழி எங்களிடம் இல்லையே. ஏதாவது பேச்சுவழக்காக இருக்கலாம். மொழி என்று சொல்ல முடியாது."

இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. எங்கள் ஊருக்கு அரசாங்கத்திலிருந்து வரும் கடிதமெல்லாம் சிங்களத்தில் வரும். அப்பா அதைப் பெரிதாக எடுத்ததில்லை. தமிழில் வந்திருந்தாலும் அவரால் வாசிக்க முடியாது. ஆனால் நான் வாசிக்கப் பழகியவன். வாசிக்கப் பழகியவனுக்குத்தான் அது தனக்கு எழுதப்படவில்லை என்பது விளங்கும். இங்கேயும் அதே மேசை, அதே விரல். ஒரு மனிதன் கண்முன்னால் இருந்து பேசிக்கொண்டிருக்கிறான், தாளில் இல்லாதபடியால் அவன் வாயில் இருப்பது மொழி இல்லை!

எழும்பி நின்றேன்.

"எனக்கு அந்த மொழி தெரியும்."

"உங்களுக்கா?"

"சரளமாக," என்றேன். அது அந்த வாரத்து அகராதிச் சொல்.

அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். இந்த வழக்கை இன்னொரு நாளைக்கு ஒத்திவைத்தால் இன்னொரு நாள் எங்கள் வாசத்தோடு இருக்கவேண்டும் என்று நினைத்தாரோ தெரியாது. "சரி, உட்கார்ந்து மொழிபெயருங்கள்," என்றார். மொழிபெயர்ப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு, படம் பார்க்க வந்தவர் மாதிரிச் சாய்ந்து உட்கார்ந்தார்.

முதல் கேள்விகள் சுகம். ஆங்கிலத்தில் கேட்டாலும் பக்காரிக்கு அரைகுறையாக விளங்கும், பதில் சொல்லத்தான் வராது. தீவின் பெயர், தகப்பன் பெயர், என்ன தொழில். பக்காரி சொன்னதில் வலையும் கயிறும் வர, நான் ஆங்கிலத்தில் அரைப் பக்கம் அழகாகக் கட்டினேன். பிறகு அதிகாரி கேட்டார்: "தீவைத் தாக்கியது யார்? என்ன நடந்தது?"

பக்காரி தன் மொழியில் தொடங்கினார். நீளமாகச் சொன்னார். நான் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தேன். செவுள் வரவில்லை. கழுவு வரவில்லை. அந்தக் கதையில் எனக்குத் தெரிந்த ஒரு சொல்லும் வரவில்லை. துவக்குக்கு என்ன சொல், எரிப்பதற்கு என்ன சொல், ஒன்றும் தெரியாது. என் முகத்தைப் பக்காரி பார்த்தார். பிறகு, மூச்சு மாறாமல், கடைத் தமிழுக்கு வந்தார்.

"தம்பி, வள்ளம் எல்லாம் எரிச்சுப் போட்டாங்கள். வலையும் எரிச்சாங்கள். அண்ணை ஓடேல்ல. வள்ளத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். அண்ணை செத்துப் போச்சு."

செத்துப் போச்சு என்பது நாங்கள் மீனுக்குச் சொல்வது. கடையில் அவருக்குக் கிடைத்த சொல் அது ஒன்றுதான். நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி எழுதினார். எழுதி முடித்து, ஒரு மிட்டாயை உரித்து வாயில் போட்டார்.

அதற்குப் பிறகு என் மூளை ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பதே என் தரப்பு வாதம்.

"ஆமை பிடிப்பதாகச் சொன்னீர்கள். எப்படி?"

பக்காரி இதை உற்சாகமாகச் சொன்னார், பாதி தமிழ், பாதி கை. தலையில் ஒட்டும் தட்டு உள்ள ஒரு மீன் இருக்கிறது, சுறாவோடு ஒட்டிக்கொண்டு திரியுமே, அது. அதன் வாலில் கயிறு கட்டிக் கடலில் விட்டால் அது போய் ஆமையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மெதுவாக இழுக்கவேண்டியதுதான். நான் மொழிபெயர்த்தேன்.

"மீனை விட்டு ஆமை பிடிக்கிறீர்களா?" அதிகாரி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "பூனையை விட்டு நாய் பிடிப்பதில்லையா?"

பக்காரி சொன்னது சத்தியமான உண்மை. அந்த அறையில் அன்று பேசப்பட்டவற்றில் அதைவிட உண்மையானது இல்லை. பக்காரிக்குச் சிரிப்பு விளங்கியது. முகம் மூடிக்கொண்டது, நண்டு வளைக்குள் போன மாதிரி.

"கடைசியாக ஒன்று. சரியாக எந்த இடத்தில் மீன் பிடித்தீர்கள்?"

நான் பக்காரியைப் பார்த்தேன். அவர் அதிகாரியைப் பார்த்தார். பிறகு மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். பிறகு, யாராவது வள்ளத்தோடு வெளியே நிற்கிறார்களா என்பது போல, யன்னலைப் பார்த்தார். கீழே வாகனத் தரிப்பிடம்தான் இருந்தது.

"தம்பி," என்றார், உதடு அசையாமல். "சோமாலி ஆள் இருக்கு. சொல்லாத."

இதை நான் எப்படி விளக்குவேன்? மனைவியும் பிள்ளையும் முகாமில். அந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் சொன்னால் அவர் தீவுக்காரர் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். படித்தவனாகிய நான், "பக்காரி அண்ணை, இது குளிர்நாடு, இந்த அம்மா உங்கட பாரில வந்து தூண்டில் போடமாட்டா" என்று சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. மீன்பிடிக்காரனின் மகன் முழித்துக்கொண்டான். அவர் தலையைக்கூட ஆட்டவில்லை, அதற்குள் நான் நிமிர்ந்து, கழுத்துப்பட்டியைச் சரிசெய்து, அப்பாவின் குரலில் சொன்னேன்:

"மேற்கே."

அதோடு விட்டேனா? "நல்ல காற்றென்றால் அரை நாள் ஓட்டம்," என்று கொசுறும் போட்டேன்.

அதிகாரி தேசப்படப் புத்தகத்தைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார். தீவுகள் கரையோரமாகப் பொட்டுப் பொட்டாக இருந்தன. கிழக்கே இந்து சமுத்திரம், நீலமாக, பக்கம் முழுவதும். மேற்கே, விரல் நகம் அளவு தண்ணீர் தாண்டினால், மண்ணிறத்தில் ஆபிரிக்கா.

"அரை நாள் மேற்கே ஓடினால் உங்கள் கட்சிக்காரர் பிடித்தது ஒட்டகமாகத்தான் இருக்கும்," என்றார்.

மொழிபெயர்ப்பாளருக்கு இருமல் வந்தது.

"இன்னொன்று," என்றார் அதிகாரி. "இந்த மொழியில் 'ஓம்' என்றால் ஆம். 'சொல்லாத' என்றால் சொல்ல வேண்டாம். சரிதானே?"

ஒரு விநாடி, அந்த ஒரு மடத்தனமான விநாடி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆகா, இந்த மனிசி கிபஜூனியைப் படித்திருக்கிறாவே என்று.

"நான் இந்த அறையில் வருடக்கணக்காக இலங்கைத் தமிழர்களை விசாரித்து வருகிறேன்," என்றார், பேனையை மூடியபடி.

வெளியே நடைபாதையில் மொழிபெயர்ப்பாளர் எங்களைத் தேடிவந்தார். பக்காரியின் தோளில் கைவைத்துச் சோமாலியில் ஏதோ மெதுவாகச் சொன்னார். பிறகு என்னிடம், "தம்பி, நீ சொன்ன இடத்தில் என் மாமாவின் ஒட்டகங்கள் மேய்கின்றன. அவற்றைப் பிடிக்காதே," என்றார். போகும்போது, அந்த மொழி தெரிந்த யாராவது கிடைப்பார்களா என்று தான் விசாரிப்பதாகவும் சொன்னார். எனக்கு அவரை அடிக்கவும் மனம் வந்தது, கட்டிப்பிடிக்கவும் மனம் வந்தது.

அடுத்த நாள் பொஸ்.

"நான் உன்னை என்னத்துக்கு அனுப்பினனான்?"

"எழுத."

"நீ என்ன செய்தனீ?"

"மொழிபெயர்த்தனான்."

"எதில இருந்து?"

"... கொஞ்சம் தமிழில இருந்து."

பொஸ் கண்ணாடியைக் கழற்றினார். "சோமாலியாக்காரனுக்கு."

"ஓம் அண்ணை."

"நாளைக்கு வராத," என்றார் மிகவும் மரியாதையாக. "நாளையிண்டைக்கும் வராத."

மீன்கடையில் முழுநேர வேலைக்குச் சேர்ந்தேன். அத்தான் முதல் நாளே, "கழுத்தில கிடக்கிறதைக் கழட்டு, செவுளுக்க மாட்டும்" என்றார்.

பிறகு முடிவு வந்தது. நிராகரிப்பு. காரணம்: விண்ணப்பதாரர் சோமாலி பேசவில்லை, தமிழ் பேசுகிறார், ஆகவே இலங்கையராக இருக்கக்கூடும்.

திரும்ப வாசியுங்கள். நானும் பல தடவை வாசித்தேன். ஆயிரக்கணக்கான எங்கள் சனம் அந்தக் கட்டடத்துக்குப் போய், தாங்கள் இலங்கைத் தமிழர்தான், அடிபட்டது உண்மைதான் என்று நிரூபிக்க முடியாமல் தலைகுனிந்து திரும்பியிருக்கிறார்கள். ஆபிரிக்காவிலிருந்து வந்த ஒரு மனிதனை மட்டும், அவன் கேட்காமலே, சும்மா தூக்கி இலங்கைத் தமிழனாக்கி வைத்திருக்கிறார்கள்! நான் கடையின் நடுவில் நின்று சத்தம் போட்டேன். சாமான் வாங்க வந்த ஒரு அக்கா மீனை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அக்கா ரீற்றாவுக்கு வேறு பயம். "டேய் யூட், அப்ப இவரை எங்க திருப்பி அனுப்பப்போறாங்கள்? இலங்கைக்கோ? அங்க சண்டையெல்லோ நடக்குது! இவருக்கு ஆரைத் தெரியும் அங்க?"

எல்லோரும் பக்காரியைப் பார்த்தோம். அவர் கொடுவா ஒன்றின் வயிற்றைக் கீறி, குடலை எடுத்து வாளியில் போட்டுவிட்டு, நிதானமாகக் கேட்டார்:

"தம்பி, அரிப்பில மீன் இருக்கோ?"

நான் சிரிக்கவில்லை. குளிர்அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கண்ணீர் உறைகிற அளவுக்குக் குளிர் இருக்கவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

மேல்முறையீடு. பொஸ் என்னை வேலைக்குத் திரும்ப எடுக்கவில்லை, சாட்சியாக எடுத்தார். "உன்ர வாயால கொட்டினதை உன்ர வாயாலயே அள்ளு." சோமாலி மொழிபெயர்ப்பாளரும் சொன்ன சொல் தவறவில்லை. யார் யாரையோ கேட்டு, கென்யாக் கரையில் பிறந்த ஒரு தாதியைப் பிடித்துத் தந்தார். அவருடைய தாய் பஜூனி.

விசாரணையில் அந்தத் தாதி முதல் கேள்வியைப் பக்காரியின் மொழியில் கேட்டார். பெயர் என்ன என்ற சாதாரணக் கேள்விதான். பக்காரி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொஸ் எனக்கு முழங்கையால் இடித்தார். பக்காரி ஏதோ முணுமுணுத்தார்.

"கேள்வியை இன்னொரு தரம் கேட்கச் சொல்கிறார்," என்றார் தாதி.

"விளங்கவில்லையா?" என்றார் நடுவர். கிழவர், சிவந்த பெரிய கைகள்.

"விளங்கியதாம். இன்னொரு தரம் கேட்கவேண்டுமாம்."

தாதி திரும்பக் கேட்டார். பக்காரி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பேசத் தொடங்கினார். செதில் பறந்த மாதிரிப் பேசினார். அண்ணனின் சாவை அன்றைக்கு அவர் என்ன சொல்லால் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மீனுக்குரிய சொல் இல்லை என்பது மட்டும் தெரியும். எனக்கு மீன் சொற்கள் எல்லாம் தெரியுமே.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பு ஒட்டகத்தைக் கொண்டுவந்து நடுச்சபையில் கட்டியது. நடுவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"ஏன் மேற்கு என்று சொன்னீர்கள்?"

அகராதிச் சொல் ஒன்றும் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். பார் எங்கே என்று சொல்லக்கூடாது, ஐயா. அவரும் சொல்ல மாட்டார், என் அப்பாவும் சொல்ல மாட்டார். அப்பா பங்குத்தந்தைக்கே சொல்லவில்லை. எங்கள் ஊரில் மேற்கே கடல். அவருடைய ஊரில் மேற்கே என்ன இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை.

நடுவர் பேனையைக் கீழே வைத்தார்.

"வேல்ஸில் ஒரு ஆறு இருக்கிறது," என்றார். "அதில் ஒரு வளைவில் நல்ல மீன் கிடைக்கும். ஒவ்வொரு கோடையும் போவேன். என் மைத்துனன் எங்கே என்று கேட்டுக்கொண்டேயிருக்கிறான். இதுவரை சொல்லவில்லை." எதிர்த்தரப்பைப் பார்த்தார். "இடத்தை உடனே சொல்லியிருந்தால்தான் இவர் மீன்பிடிப்பவரா என்று நான் சந்தேகப்பட்டிருப்பேன்."

வென்றுவிட்டோம். அத்தான் கடையைப் பூட்டிவிட்டுச் சோடா உடைத்தார். அக்கா லூயிஷாமில் இருக்கும் மாமிக்கு அழைத்து அழுதா. பொஸ் என் முதுகில் தட்டினார், பாதி பாராட்டு, பாதி அடி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் கோபம். இன்றைக்கும் அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது, ஐஸில் வைத்த மாதிரி, கெடாமல்.

எரிந்த வள்ளம் அவர்களுக்குப் போதவில்லை. செத்த அண்ணன் போதவில்லை. ஒரு முழு மொழி எழுந்து நின்று பேசியது, அது போதுமாக இருந்ததா என்றும் எனக்குத் தெரியாது. கடைசியில் காப்பாற்றியது வேல்ஸில் ஓடும் ஒரு ஆறு. அந்தக் கிழவர் ஓய்வு நாளில் கொல்ஃப் விளையாடுகிறவராக இருந்திருந்தால்? நான் படுக்கும்போது யோசிப்பது அதைத்தான். கொல்ஃப் விளையாடுகிற நடுவர்களின் அறைகளுக்குள் போன மற்றப் பக்காரிகள் எங்கே?

மனைவியும் மகளும் வந்துசேர்ந்தார்கள். மகள் இப்போது மனோர் பார்க் ஆங்கிலத்தில் என்னை 'மாமா' என்கிறாள். மீனைச் 'சமாகி' என்பாள், தகப்பன் முறைத்தால் 'இஸி' என்பாள், தகப்பன் அந்தப் பக்கம் திரும்பியதும் 'ஃபிஷ்' என்பாள். எங்கள் இரண்டு வீட்டிலும் சொல்ல விருப்பமில்லாத எல்லாவற்றுக்கும் இப்போது ஒரே பதில்தான். எங்க போயிட்டு வாறாய்? மேற்கால. சொக்கிலேற் எங்க? மேற்கால. என் மனைவி என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது, "இவர்தான் சோமாலியாவில கடல் வெட்டினவர்" என்பாள்.

தொண்ணூறுகள் முடியப்போகும் நேரத்தில் ஒரு பல்கலைக்கழகப் பெண் ஒலிப்பதிவுக் கருவியோடு கடைக்கு வந்தாள். நல்ல பிள்ளை. கிபஜூனி அழிந்துகொண்டிருக்கிறதாம், பேசுகிறவர்கள் இருக்கும்போதே பதிந்து வைக்கவேண்டுமாம். தாளில் இல்லாத மொழிக்கு இப்போது பெட்டி, எண், பெயர் ஒட்டிய நாடா! எனக்குப் பல்லைக் கடிக்கவேண்டியிருந்தது. பக்காரிக்கு அந்தக் கோபமெல்லாம் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, வலையைச் சொன்னார், காற்றுகளைச் சொன்னார், ஒட்டிக்கொள்ளும் மீனை விட்டு ஆமை பிடிப்பதைச் சொன்னார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கண்ணை விரித்துக் கேட்டாள். கடைசியில், "உங்களுடைய பார் எங்கே இருந்தது? போகும் வழியை உங்கள் மொழியில் சொல்வீர்களா?" என்று கேட்டாள்.

நாடா சுழன்றுகொண்டிருந்தது. பக்காரி என்னைப் பார்த்தார். நான் ஐஸில் கிடந்த பாரை மீனின் செவுளைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் மொழியில், மூன்று அழகான அடையாளங்களோடு, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அவற்றில் ஒன்றுகூட அன்றைக்கு எனக்குச் சொல்லித்தந்த அடையாளம் இல்லை.

அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அந்த நாடா இந்த நகரத்தில் ஏதோ ஒரு அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. நாளைக்கு அந்த மொழியைப் படிக்கிறவர்கள் அதைப் போட்டுக் கேட்டு, சொன்னபடி கோடு பிடித்து ஓடினால், ஒட்டகங்களோடு நிற்கும் மொழிபெயர்ப்பாளரின் மாமாவைச் சந்திக்கலாம்.